பிரேக் போட்டால் அணைகிற விளக்கு

அத்தியாயம் 6

"கண்ணாடியில பாத்தேன்னு சொன்னதுதாங்க நான் செஞ்ச தப்பு," என்றார் சலூன்காரர். நாற்காலியில் சாய்ந்து கிடந்தவரின் கன்னம் பாதி நுரையும் பாதி வழித்த தோலுமாக இருந்தது. "ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னவன் எல்லாம் ஒரு சாட்சியான்னு கேட்டுட்டு, ஸ்டேஷன்ல எழுதினதை அப்படியே அடிச்சிட்டாங்க."

"எதை அடிச்சாங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"முதல்ல காரோட பின்லைட்டு அணைஞ்சது, அப்புறம் கார் நின்னுது. அதைத்தான். பிரேக் போட்டா லைட்டு எரியுமா, அணையுமா? கண்ணாடியில எல்லாம் மாறித் தெரியும், எரிஞ்சதைப் போய் அணைஞ்சதுன்னு சொல்றியேன்னுட்டாங்க."

"கண்ணாடியில இடது வலதாத் தெரியும். எரியறது அணையறதாத் தெரிஞ்சா அந்தக் கண்ணாடியை எனக்கே குடுத்துடுங்க. கரண்ட் பில் மிச்சம்," என்றான் அவருடன் வந்திருந்த ஃப்யூஸ்.

நாற்காலியில் கிடந்தவர் சிரிக்க ஆரம்பித்து, கத்தி கழுத்தில் இருப்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். வாசல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை என்று தெரிந்தது. சிரிப்பு எங்கிருந்து வரவேண்டுமோ அந்த இடம்தான் காலியாக இருந்தது.

மூன்று நாளைக்கு முன் இவர்கள் இரண்டு பேரையும் தேடிப் போனவள் அவள்தான். சர்வேயர் என்பது அந்த அம்மாவின் பழைய வேலை. நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து இன்ஷூரன்ஸுக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது அதே கண்ணை வைத்துக்கொண்டு தனியாகத் துப்புத் துலக்குகிறார். ஐம்பது வயது, குறைந்த பேச்சு. அந்தக் குறையையும் சேர்த்துப் பேசித் தீர்க்கத்தான் ஃப்யூஸ் இருந்தான். அவன் கார் எலக்ட்ரீஷியன். இரண்டு ஒர்க்‌ஷாப்களில் அவனை வெளியே அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் கை சுத்தம், வாய்தான் காரணம்.

அவள் கணவன் டிங்கரிங் ஷெட்டில் பெயிண்டர். இருபத்திரண்டு நாளைக்கு முன், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை ஆறேகால் மணிக்கு, இந்த சலூன் வாசலில், முன்னால் போன டிரைவிங் ஸ்கூல் காரின் பின்புறத்தில் அவன் பைக் மோதியது. ஹாண்டில்பார் நெஞ்சில் குத்தியதில் ஆள் அங்கேயே போய்விட்டான். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி ஸ்டேஷனில் ஃபைலை மூடிவிட்டார்கள்.

கவனக்குறைவாக இருந்துவிட்டுப் போகட்டும். அவளை அரித்தது வேறு. ரோட்டில் டயர் தேய்ந்த தடம் கொஞ்சம்கூட இல்லை. அவன் பிரேக் போட முயற்சியே செய்யவில்லை. அன்று காலையில் அவள் அவனைப் பார்த்து, "நீங்க இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று சொல்லியிருந்தாள். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான். வேணும்னே போய் இடிச்சாரா, இல்லையா? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, வேற எதுவும் வேண்டாம் என்றுதான் அவள் சர்வேயரிடம் கேட்டிருந்தாள்.

அதைக் கேட்டபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. இருபத்திரண்டு நாளாக எதுவுமே உறைக்கவில்லை. சாப்பிட்டால் ருசியில்லை, விரலை நசுக்கிக்கொண்டால் வலியில்லை. சலவைக் கடையில் துணிகளுக்கு எண் சீட்டுக் குத்துகிற வேலை அவளுக்கு. லீவு முடிந்த மறுநாளே போய்விட்டாள். போன வாரம் வீட்டில் கிடந்த அவன் சட்டையைக் கொண்டுபோய், வெளுத்து, எண் குத்தி, வாடிக்கையாளர் அலமாரியில் தொங்கவிட்டுவிட்டாள். வாங்கிக்கொள்ள ஆள் வரமாட்டான் என்பது மறுநாள்தான் புத்திக்கு எட்டியது. அதுவும் யார் வீட்டுச் செய்தியோ போல எட்டியது.

சர்வேயர் முதல் நாள் அவள் வீட்டில் கேட்டது ஒரே ஒரு பொருள்தான். ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்த ஹெல்மெட். அதன் முகக் கண்ணாடி மேலே தூக்கிவிட்டபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. "அன்னைக்கு மழைதானே?" என்று கேட்டுவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் சலூன்காரரிடம் கேட்டதும் அப்படி ஒரு கேள்விதான்.

"கார் எத்தனை தடவை நின்னுது?"

சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டுத் திரும்பினார். "அதை யாருமே கேக்கலையே! மூணு தடவைங்க. முன்னாடி ரோடு காலியாத்தான் கிடந்துது. முதல்ல மருந்துக்கடை வாசல். லைட்டு அணைஞ்சது, வண்டி நின்னுது. கிளம்புச்சு, லைட்டு எரிஞ்சுது. அடுத்து செருப்புக்கடை வாசல். அதே மாதிரி. மூணாவது தடவை இங்க வந்ததும் டமார்னு..." அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா."

"பரவாயில்லைங்க," என்றாள். நிஜமாகவே பரவாயில்லாமல் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் ஃப்யூஸ் அவள் பக்கமாகக் குனிந்தான். "அக்கா, போட்டா அணையற பிரேக் லைட்டு. பத்து வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மாப்பிள்ளையை நான் பாத்ததே இல்ல. வாங்க, பொண்ணு வீட்டுக்குப் போவோம்."

பொண்ணு வீடு, அதாவது அந்த டிரைவிங் ஸ்கூல், இரண்டு தெரு தள்ளி இருந்தது.

தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். ஒரு சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த பெரிய தாள், மூலை சுருண்டு. இன்னொரு சுவரோரம் பாதியாக வெட்டி வைத்த ஒரு கியர்பாக்ஸ், உள்ளே இருக்கிற பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டிருந்தது. நடுவில் அந்தக் கார். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும், புத்தகத்தில் மட்டும்தான் அப்படி. பின் பம்பரில் இடது பக்கம் ஒரு நசுங்கல். அவள் அதைப் பார்த்தாள். பம்பரில் ஒரு நசுங்கல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டிரைவிங் மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் மூன்று பேனா. சர்வேயருக்கு வணக்கம் சொன்னார், ஃப்யூஸுக்குத் தலையசைத்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"அந்த ஆளை நான் முன்ன பின்ன பாத்ததே இல்ல மேடம். வந்தாரு, இடிச்சாரு. என் வண்டியில ஒரு குறையும் கிடையாது. தினமும் காலையில இங்கேயே நிறுத்தி, பிரேக்கை மிதிச்சு, பின்னாடி சுவத்துல சிவப்பு விழுதான்னு பாத்துட்டுத்தான் வெளிய எடுப்பேன். இருபது வருஷப் பழக்கம். அன்னைக்குக் காலையிலயும் விழுந்துது."

"வேற ஏதாவது சில்லறைத் தொந்தரவு?"

"ஒண்ணும் இல்ல."

"மீட்டர் விளக்கு இருக்கே மாஸ்டர்!" என்றது ஒரு குரல். பெஞ்சில் வகுப்புக்குக் காத்திருந்த டீச்சரம்மா. லைசென்ஸ் டெஸ்டில் நாலு தடவை தோற்றவர், ஐந்தாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "நான் பிரேக்கை மிதிச்சா மீட்டர்ல ஒரு விளக்கு எரியும். லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா அதுவும் கூடவே கண்ணடிக்கும். நான் எல்லாம் சரியாச் செய்யறேன்னு வண்டி பாராட்டுதுன்னு நினைச்சேன்."

"பழைய வண்டி டீச்சர். இருபத்தோரு வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்," என்றார் மாஸ்டர் அவசரமாக.

"இருபத்தோரு வயசுல கிறுக்குப் பிடிக்கறது சகஜம்தான்," என்றான் ஃப்யூஸ். "மனுஷனா இருந்தா காரணம் கேக்கக் கூடாது. காரா இருந்தா கேக்கலாம். சாவியைக் குடுங்க."

சர்வேயர் அவள் பக்கம் திரும்பினார். "பின்னாடி நின்னு பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். முடியுமா?"

"முடியும்," என்றாள். இப்போதெல்லாம் அவளுக்கு எதுவும் முடியும். யாராவது சொன்னால் போதும்.

காருக்குப் பின்னால், சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஃப்யூஸ் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். சுவரில் சிவப்பு விழுந்தது, கொஞ்சம் மங்கலாக.

"பாத்தீங்களா!" என்றார் மாஸ்டர்.

"சிவப்புதான். ஆனா சோகையா இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க மீட்டரும் எரியுது. ஹெட்லைட் ஸ்விட்சையே நான் தொடலை. காலை விட்டது பிரேக்ல, முழிச்சது மீட்டர். சரி, இப்ப அந்திவேளைன்னு வெச்சுக்குவோம்." ஸ்விட்சைத் திருகினான். பின்பக்கம் இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. "எரியுதா அக்கா?"

"எரியுது."

"இப்ப மிதிக்கறேன்."

இரண்டு விளக்கும் அணைந்தன.

"அணைஞ்சுடுச்சு," என்றாள், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

"காலை எடுத்துட்டேன்."

"எரியுது."

"மிதிக்கறேன்."

"அணைஞ்சுடுச்சு."

டீச்சரம்மா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். "அய்யய்யோ! இதுலயா நான் இத்தனை நாளா ஓட்டினேன்?"

சலூன்காரர் பொய் சொல்லவில்லை. கண்ணாடியும் சொல்லவில்லை. தினமும் காலையில் மற்ற விளக்கெல்லாம் அணைந்திருக்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்த்த மாஸ்டருக்கு, சுவரில் சிவப்பு விழத்தான் செய்தது. விளக்குப் போடுகிற நேரத்தில் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று இருபது வருஷத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஃப்யூஸ் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "ரொம்ப லேசான சமாசாரம் அக்கா. கரண்ட் வந்தா மட்டும் போதாது, திரும்பிப் போக வழி வேணும். பின்லைட்டு அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு வழிதான், எர்த் வயர், வண்டியோட இரும்புல போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க. அந்த வழி அடைஞ்சா, கரண்ட் பக்கத்து வீட்டுக்குள்ள புகுந்து போகப் பாக்கும். அதான் பிரேக்கை மிதிச்சா மீட்டர் எரியுது. பின்லைட்டும் பிரேக்கும் ஒரே நேரத்துல வந்தா? ஒரு கதவை உள்ளே இருந்து ஒருத்தர், வெளியே இருந்து ஒருத்தர் தள்ளினா கதவு எந்தப் பக்கமும் அசையாதுல்ல? அந்த மாதிரி, ரெண்டு விளக்கும் செத்துடும்."

செத்துடும் என்ற வார்த்தை வாயை விட்டு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கவனிக்கவில்லை. கவனித்தாள், ஆனால் அது எங்கேயும் போய்ப் படவில்லை.

"வழி ஏன் அடைஞ்சுது?" என்று கேட்டார் சர்வேயர்.

"டிக்கியைத் திறந்தாத் தெரிஞ்சுடும்."

ஸ்டெப்னியை உருட்டி வெளியே வைத்தான். ரப்பர் விரிப்பைச் சுருட்டினான். பிறகு விசிலடித்தான். வெளியே அழுக்கு மூட்டையாக இருந்த அந்தக் காரின் டிக்கிக்குள், தரை முழுக்கப் புத்தம்புது சாம்பல் நிறப் பெயிண்ட், ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று பூசியிருந்தது.

"இந்த வண்டிக்கு இது அதிகம்," என்று குனிந்தான். "இதோ நம்ம போல்ட். பாருங்க மேடம், வயரைக் கழட்டிட்டு, பெயிண்ட் அடிச்சு, காய விட்டு, பெயிண்ட் மேலயே திரும்ப மாட்டியிருக்காங்க. பெயிண்ட்ல கரண்ட் போகாது. போல்ட் உக்கார்ற இடத்துல ஒரு காசு அளவுக்கு இரும்பு தெரியற மாதிரி சுரண்டி விடணும். நாங்களா இருந்தா முதல்ல அதைத்தான் செய்வோம். பெயிண்டருக்கு எப்படித் தோணும்? இரும்பு தெரிஞ்சா அவங்க ஊர்ல அது குறை, உடனே..."

அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது. ஃப்யூஸின் வாய் தானாக நின்றதை சர்வேயரே அன்றுதான் பார்த்தார்.

அவள் டிக்கிக்குள் குனிந்துகொண்டிருந்தாள். விளிம்புக்கு அடியில், உள்பக்கமாக மடிந்த தகட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினாள். கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கேயும் பெயிண்ட் இருந்தது. ஸ்ப்ரே போகாத அந்த இடுக்கில், மெல்லிய பிரஷால் தனியாக இழுத்திருந்தது விரலுக்குத் தெரிந்தது. வீட்டில் அலமாரியின் பின்பக்கத்துக்கும், ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இப்படித்தான் செய்திருக்கிறான். அதை யார் பாக்கப் போறாங்க என்று கேட்டால், "நான் பாத்துட்டேனே" என்பான்.

"இது அவரு கை," என்றாள்.

மாஸ்டர் அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

சர்வேயர் குரலை உயர்த்தவில்லை. "முன்ன பின்ன பாத்ததே இல்லைன்னீங்க."

"மேடம்..."

"சலூன்காரர் உங்க வண்டி மூணு தடவை நின்னதைப் பாத்திருக்காரு. முன்னாடி ஆள் இல்ல, நாய் இல்ல, சிக்னல் இல்ல. சும்மா இருக்கற ரோட்டுல மூணு தடவை பிரேக் போடறவங்க ரெண்டே பேருதான். ஒண்ணு, ஓட்டக் கத்துக்கறவங்க."

"அன்னைக்கு சாயங்காலம் எனக்கு கிளாஸ் இல்ல," என்றார் டீச்சரம்மா, தன்மேல் பழி வந்துவிடுமோ என்று.

"தெரியும். மாஸ்டர் தனியாத்தான் ஓட்டினாரு. அப்ப ரெண்டாவது ஆளு, பிரேக்கைச் சோதிச்சுப் பாக்கறவரு. சோதனைன்னா மிதிக்க ஒருத்தர், பின்னாடி நின்னு பாக்க ஒருத்தர் வேணும். இப்ப நாம செஞ்ச மாதிரி. பின்னாடி வந்தவரு மழையில ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தாரு. சாகப் போறவனுக்கும் கவனமில்லாம ஓட்டறவனுக்கும் மழைத்துளி கண்ணுல குத்தணும்னு என்ன தலையெழுத்து? எதையோ உத்துப் பாக்கறவன்தான் அப்படித் தூக்குவான். அவரு உங்க விளக்கைத்தான் பாத்துக்கிட்டு வந்தாரு. நீங்கதான் வரச் சொன்னீங்க."

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சரம்மா தள்ளி இடம் கொடுத்தார்.

"டிக்கியில ஒரு ஓட்டை விழுந்திருந்துது," என்றார் மாஸ்டர். "அதை அடைச்சுக் குடுங்கன்னுதான் சொன்னேன். அவரா முழுசும் சுரண்டி, முழுசும் அடிச்சுட்டாரு. நான் கேக்கவே இல்ல மேடம். ரெண்டு வாரம் கழிச்சு மீட்டர் கூத்து ஆரம்பிச்சுது... இல்ல, அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கும், எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கண்ணுல பட்டுது. போன் போட்டேன். உங்க பெயிண்டுக்கு அப்புறம்தான் இப்படின்னேன். சாயங்காலமே வந்து நின்னாரு. நீங்க ஓட்டுங்க மாஸ்டர், நான் பின்னாடியே வந்து பாக்கறேன்னாரு. முதல் தடவை அணைஞ்சுது. ரெண்டாவது தடவையும். எந்தப் பக்கம் முதல்ல அணையுதுன்னு பாக்கணும், நல்லா அழுத்தி மிதிங்கன்னு கத்தினாரு. கிட்டத்துல வந்துட்டாருன்னு எனக்குத் தெரியாது. அழுத்தி மிதிச்சேன்."

சர்வேயர் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை ஏன் ஸ்டேஷன்ல சொல்லல?"

"பிரேக் லைட்டு சரியில்லாத வண்டியில பாடம் நடத்தினேன்னு தெரிஞ்சா ஸ்கூலை மூடிடுவாங்க. வேற தொழில் தெரியாது எனக்கு. ஆளு யாருன்னே தெரியாதுன்னுட்டேன். ஒரு தடவை சொன்னதும் அப்புறம் மாத்த முடியல."

"நாளைக்குக் காலையில மாத்துவீங்க. நானும் கூட வரேன். கவனக்குறைவுன்னு எழுதினதை அடிச்சுட்டு, வேலையில இருந்தப்போ நடந்ததுன்னு எழுத வைக்கணும்."

மாஸ்டர் தலையாட்டினார். பத்து வயது கூடினவர் மாதிரியும், ஒரு மூட்டையை இறக்கினவர் மாதிரியும் இருந்தார்.

சர்வேயர் அவளைத் தனியாகக் கியர்பாக்ஸ் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். "நீங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லிடறேன். வேணும்னு இடிக்கல. மெதுவாத்தான் வந்திருக்காரு, அதான் டயர் தடம் இல்ல. உங்க மேல கோவிச்சுக்கிட்டு உயிரை விட வந்த ஆளு, எந்த பல்பு முதல்ல அணையுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கமாட்டாரு."

"சரிங்க," என்றாள்.

"நீங்க சொன்ன வார்த்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சரிங்க."

இதைக் கேட்பதற்காகத்தான் இருபத்திரண்டு நாள் காத்திருந்தாள். கேட்டாகிவிட்டது. ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கினதாகத் தெரியவில்லை. அவனே அடித்த பெயிண்ட். யாரும் கேட்காமல், யாரும் பார்க்காத இடத்தில், குறை இல்லாமல் அடித்த பெயிண்ட். அன்று காலைச் சண்டையும் அதற்குத்தான். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கக் கூட வருகிறேன் என்றவன், ஏதோ ஒரு வண்டியின் கதவு இடுக்கைத் தேய்த்துக்கொண்டே மறந்துபோனான். ரெண்டு மணி நேரம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அது வேறு விஷயம்.

அங்கே ஃப்யூஸ் போல்ட்டைக் கழற்றி, கத்தி முனையால் காசு அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, வயரை மாட்டிக்கொண்டிருந்தான். வழக்கமாகச் சுரண்டுகிற வேகத்தில் சுரண்டவில்லை. சுற்றியிருந்த பெயிண்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டான். விளக்குகள் சரியாக எரிந்தன. ஜோக் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது மாஸ்டர் வாசல் வரை வந்தார். ஏதாவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. மனிதர்கள் இந்த மாதிரி நேரத்தில்தான் வாயைத் திறக்கக் கூடாது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்கு, மழையா இருக்கே, காலையில ஷெட்லயே வெச்சுப் பாத்துக்கலாமேன்னு சொன்னேன். அவருதான் கேக்கல. இப்பவே முடிச்சுடலாம் மாஸ்டர், ரோட்டுல ஒரு நடை ஓட்டினாலே தெரிஞ்சுடும், இதை நாளைக்குன்னு வெச்சா நாளைக்கும் எனக்கு லேட்டாகும்னாரு. ஏழு மணிக்கு வீட்டுல இருக்கணும், வீட்டுல ரொம்ப வருத்தத்துல இருக்காங்க, இனிமே நேரத்தோட போறதா முடிவு பண்ணிட்டேன்னாரு. உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருந்தாரு. உங்களை நினைச்சுக்கிட்டுத்தான் போனாரு. அது உங்களுக்குத் தெரியணும்."

சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். தடுத்திருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏழு மணிக்கா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாம்மா. ஏழு மணின்னுதான் சொன்னாரு."

"நான் ஆறரைக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடுவேன், தினமும்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்னைக்கு எட்டு மணி வரைக்கும் கடையிலயே உக்காந்திருந்தேன். வேலை ஒண்ணும் இல்ல. அவரு வந்து பூட்டின கதவு முன்னாடி நிக்கட்டும், காத்திருக்கறதுன்னா என்னன்னு தெரியட்டும்னு, வேணும்னேதான் உக்காந்திருந்தேன்."

ஃப்யூஸ் தரையைப் பார்த்தான்.

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு வலித்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அப்படியே வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். சர்வேயர் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.